நாலு பிளக்கு ஆதிமூலம்

பழைய கார் வழியில் நின்றதும் ஆதிமூலம் இறங்கிப் பானட்டைத் தூக்குகிறார். எஞ்சினிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றித் துண்டால் பிடித்துக்கொள்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பிளக்கின் நுனிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். மறு கண்ணை மூடியும் பார்க்கிறார். பிறகு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட ஆரம்பிக்கிறார்.

"ஐயா, செத்த நில்லுங்க. இது ரெண்டும் ஒரே கலரா, வேற வேறயா?"

தபால்காரர், தயிர் விற்கிறவள், தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வந்த தளவானூர்க்காரர், செஞ்சிக் கோட்டை பார்க்க வந்து வழி தெரியாமல் நிற்கிற வெளியூர்க்காரர், யாரும் தப்ப முடியாது. ஒருவர் கறுப்பு என்பார், ஒருவர் காவி என்பார், தயிர்க்காரி "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்பாள். ஆதிமூலம் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "ஆமாங்க, நீங்க சொல்றது சரி."

இந்த பிஸ்கட் விவகாரத்துக்குக் காரணம் லாரி ஷெட் அமீர் ஜான். அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில், "எரிஞ்ச பிளக்கு பிஸ்கட் கலர்ல இருந்தா எஞ்சின் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். கறுப்பா இருந்தா கரி புடிக்குது, வெள்ளையா இருந்தா வெந்துபோவுது" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் சொன்ன வார்த்தை. ஆதிமூலம் நேரே டீக்கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த சனியன். டீக்கடைக்கு வருகிற பிஸ்கட் ஒரு தடவை கருகி வரும், ஒரு தடவை வேகாமல் வரும். "எந்த பிஸ்கட்டு பாய்?" என்று ஆதிமூலம் திரும்பிப் போய்க் கேட்டார். அமீர் ஜான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எனக்கு இந்த மனிதரோடு வாரம் ஒரு நாள் கட்டாய சகவாசம். நான் இங்கே டாக்கீஸ் மானேஜர். வெள்ளிக்கிழமை படம் மாறினால், காலையிலேயே ஆதிமூலத்தின் வண்டிமேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, இரண்டு பக்கமும் பட விளம்பரத் தட்டி சாத்தி, தொண்டூர், தளவானூர், மேல்சித்தாமூர் என்று சுற்றி வரவேண்டும். நான் மைக்கில் "இன்று முதல்" என்பேன். வண்டி டப்பென்று ஒரு வெடி வெடிக்கும். "தினசரி இரண்டு காட்சிகள்" என்பேன். மறுபடியும் டப். சண்டைப் படம் என்றால் போனால் போகிறது. பக்திப் படத்துக்கு இது ஆகுமா? "சாமி படம்னு சொல்றீங்க, துப்பாக்கி சத்தம் கேக்குதே" என்று மேல்சித்தாமூரில் ஓர் அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டாள். நான் என்ன சொல்ல? சாமி அசுரனைச் சுடுகிறார் என்றா?

வேறு வண்டி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்கீஸ் முதலாளியும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் ஆதிமூலத்திடம் போய் "இனிமேல் நீர் வரவேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். "ஆமாங்க, நீங்க சொல்றது சரி" என்று அவர் உடனே ஒப்புக்கொள்வார். அதற்குமேல் நமக்கு வாய் வராது.

வண்டி எந்தக் கம்பெனி என்பது தெரியாது. மூக்கில் இருந்த எழுத்துகளெல்லாம் உதிர்ந்து, ஓர் 'ஆர்' மட்டும் தொங்குகிறது. மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டில் ஓடிய வண்டி அது. அவருக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் ஆதிமூலம். நயினார் காலமானதும் பிள்ளைகள் வண்டியை அவரிடமே விட்டுவிட்டார்கள். "முப்பத்தாறாம் வருஷ மாடலு" என்று ஆதிமூலம் சொல்வார். கேட்கிறவர் தலையாட்டுவதற்குள், "முப்பத்தொம்போதாவும் இருக்கலாம்" என்பார்.

இது தெரியாததுதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர். வண்டியோடு வந்த பிளக் சீமைச் சரக்கு. இப்போது வருவதில்லை. பாண்டிச்சேரிக் கடையில் போய் நின்றால், "வண்டி பேர் என்ன, மாடல் என்ன?" என்று கேட்கிறான். ஆதிமூலம் "ஆர்" என்கிறார். கடைக்காரன் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அதுக்கு இது சமம்" என்கிறான். அடுத்த கடையில் இன்னொருவன் வேறொன்றைக் கொடுத்து, அதையும் சமம் என்கிறான். இரண்டு சமமும் தங்களுக்குள் சமமில்லை. இது போதாதென்று, "ஹாட் பிளக்கா, கோல்ட் பிளக்கா?" என்று வேறு ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆதிமூலம்தான். ஊருக்கு அவல் கிடைத்தது. பிளக்கில் சூடும் குளிர்ச்சியும் உண்டு என்று தெரிந்ததும், அதுவரை பிளக்கைப் பற்றிப் பேசாதவர்களெல்லாம் பேச வந்துவிட்டார்கள். பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்று நமக்குத் தெரியாததா?

நெல் மண்டி சொக்கலிங்கம் செட்டியார் ராடியேட்டர்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சூட்டு ஒடம்பு ஆதிமூலம். மலையும் காயுது, வண்டியும் காயுது. குளிர்ச்சிதான் குடுக்கணும். என் ஆயில் எஞ்சின நா அப்படித்தான் வெச்சிருக்கேன்" என்றார். அவரே இரண்டு குளிர்ச்சி பிளக் வரவழைத்தும் கொடுத்தார். அவருடைய ஆயில் எஞ்சினில் பிளக் என்கிற உறுப்பே கிடையாது என்று அமீர் ஜான் என்னிடம் சொன்னார். செட்டியாரிடம் யார் சொல்வது?

அமீர் ஜான் சொன்னது நேர் எதிர். "எஞ்சினு தேஞ்சு போச்சு. ஆயில் குடிக்குது. கரி புடிக்காம இருக்கணும்னா நாலும் ஹாட்டா போடு." தன் கைவசம் இருந்ததை அவரும் கொடுத்தார். திண்டிவனத்திலிருந்து ஆதிமூலத்தின் மாப்பிள்ளை சம்பந்தம் வந்தபோது, பளபளவென்று அட்டைப் பெட்டியில் புது மாதிரி பிளக் கொண்டுவந்தார். "லேட்டஸ்ட் மாமா, எல்லா வண்டிக்கும் ஒத்துக்கும்" என்றார். அது சூடா, குளிர்ச்சியா என்று மாமா கேட்டதற்கு, "நடுவாந்திரம்" என்றார். ஆதிமூலத்தின் மனைவி ஞானம்பாள், வண்டியோடு வந்த பழைய சீமை பிளக்கைப் புளி போட்டு விளக்கி, அடுப்புமேல் காயவைத்து, "நயினார் வூட்டு மகாராசங்க போட்டது. இத்த கழட்டினா வண்டியே போயிடும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டாள்.

எஞ்சினில் துளை நான்கு. யோசனை சொன்னவர்களும் நான்கு பேர். ஆதிமூலம் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார்.

சிரிக்காதீர்கள். நான் சிரித்தபோது அவர் ரொம்பவும் நிதானமாக எனக்கு விளக்கினார். "சூடும் குளிர்ச்சியும் சரிக்குச் சரியா இருந்தா ஒடம்புக்கு நல்லது தானே சார்? மிளகு ரசமும் ஊத்திக்கிறோம், மோரும் ஊத்திக்கிறோம்." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிளக்குகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர், கொடுத்தவர்களின் பெயர். செட்டியார் கொடுத்தது 'மொதலாளி'. வண்டி மேட்டில் திணறினால் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மொதலாளி மிஸ் அடிக்கிறாரு சார்" என்பார். சில நாள், "பாய் நல்லா இருக்காரு, மாப்ளதான் எண்ணெ முழுங்குறாரு." நான் பொறுக்கமாட்டாமல், "அந்த மாப்பிள்ளையைக் கழற்றி எறியுமே" என்று ஒரு தடவை கத்திவிட்டேன். ஆதிமூலம் பதறிப்போனார்.

"மாப்ள பிளக்க எப்படிங்க கழட்டறது? பொண்ணு குடுத்திருக்கேன்."

செட்டியார் பிளக்கையும் தொடமுடியாது. மண்டி வாசலில் வண்டி நின்றால் செட்டியார் வெளியே வந்து, தானே பானட்டைத் தூக்கி, தன் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் கொடுத்ததன் பீங்கானில் நீலக் கோடு ஒன்று உண்டு. அடையாளம் தப்பாது. அமீர் ஜானும், வண்டி ஷெட் வழியாகப் போனால், எட்டிப் பார்க்கிறவர்தான். வீட்டிலே ஞானம்பாள். மிச்சமாகச் சேர்ந்துபோன பிளக்குகளையெல்லாம் ஞானம்பாள் துலக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். டப்பா எந்நேரமும் டிரைவர் சீட்டுக்குக் கீழே கடகடக்கும்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, மகள் ரஞ்சிதம் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வருகிறவரைக்கும். பிள்ளை தலை திரும்பாமல் இடுப்பு முன்னால் இருக்கிறது, வலி எடுத்ததும் தாமதம் செய்யாமல் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இங்கே வைத்துக்கொண்டு கைபிசையக் கூடாது என்று இங்குள்ள லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சம்பந்தம் மாமனாரிடம் மென்று முழுங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வண்டி வேணாம். திண்டிவனத்துல வேற வண்டி சொல்லி வைக்கிறேன்."

ஆதிமூலம் வழக்கம்போல "ஆமாங்க மாப்ள, நீங்க சொல்றது சரி" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ரஞ்சிதம் குரல் வந்தது. அப்பாவை அவள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்த வண்டி அங்கேர்ந்து வர்றதுக்குள்ள எனக்கு இன்னா ஆவுமோ. நா நைனா வண்டியிலயே போறேன்."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. எட்டு மைல் போவதற்குள் கரி பிடித்து நிற்கிற எஞ்சின் இது; திண்டிவனம் அதைப்போல் இரண்டு பங்கு தூரம். அது நின்றால், இந்தத் தடவை நடுரோட்டில் நிற்கப்போவது என்னுடைய தட்டியும் மைக்கும் அல்ல.

அதற்குப் பிறகு பார்க்கிறவர்களையெல்லாம் விரட்டி விரட்டிக் கேட்டார். "சூடா, குளிர்ச்சியா?" டிக்கெட் கிழிக்கிறவனைக் கேட்டார். கம்பவுண்டரைக் கேட்டார். கம்பவுண்டர் மகளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "குளிர்ச்சியா எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்ல, ஆதிமூலம் ஒரு நாள் முழுக்கச் செட்டியார் பிளக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்று மண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் முகம் ஒரு விநாடி தெளியும், அடுத்த ஆள் வாயைத் திறந்ததும் குழம்பிவிடும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். இவர் காட்டையே கண்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. "பாய் சொல்கிறபடி நாலையும் ஒரே ஜாதியாகப் போட்டுத் தொலையுமே" என்றேன். "போட்டுடலாம் சார். மொதலாளி பானட்ட தூக்கினா?" என்றார். பெற்ற பெண் ஒரு பக்கம், செட்டியார் மனசு ஒரு பக்கம் என்று நிறுத்திப் பார்க்க அவருக்குத் தெரியவே இல்லை. ஒருத்தர் மனசும் நோகாமல் உலகத்தில் எதையும் செய்துவிடலாம் என்று நம்புகிற ஆள் அவர்.

வலி ஒரு வெள்ளிக்கிழமைதான் எடுத்தது. நாங்கள் தொண்டூரில் இருந்தோம். நான் "இன்று முதல்" என்று ஆரம்பித்திருந்தேன். சைக்கிளில் வந்த ஓர் ஆள் மூச்சிரைக்க ஜன்னலைத் தட்டி, "ஆதிமூலம், ஒன் பொண்ணுக்கு வலி கண்டுடுச்சாம்" என்றான். மைக் திறந்தே இருந்தது. தொண்டூர் முழுக்கக் கேட்டது.

செஞ்சிக்குத் திரும்பி, ரஞ்சிதத்தைப் பின் சீட்டில் சாய்த்து, ஞானம்பாள் மடியில் தலையை வைத்துக்கொள்ள, திண்டிவனம் ரோட்டில் விட்டார். தட்டியைக் கழற்றவும் இல்லை, குழாயை இறக்கவும் இல்லை. என்னை இறக்கிவிடவும் அவருக்குத் தோன்றவில்லை, இறங்க எனக்கும் தோன்றவில்லை. வண்டி டப் டப்பென்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு டப்புக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. பாதி வழியில், ஓர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில், இருமிவிட்டு நின்றது.

ஆதிமூலம் பானட்டைத் தூக்கி நான்கையும் கழற்றினார். இரண்டு கரிக்கட்டையாக எண்ணெய் வடிந்து செத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நான்கையும் துண்டில் சுருட்டி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஞானம்பாள் துலக்கி வைத்த பிளக்குகள், சூடும் குளிர்ச்சியும் நடுவாந்திரமும் பழசும் கலந்து பளபளவென்று கிடந்தன. அவர் கை டப்பாவுக்குமேல் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சூடா, குளிர்ச்சியா சார்?"

ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் இவர் சரி என்பார். தப்பாகச் சொல்லிவிட்டால்?

"நைனா, அங்க இன்னா பண்ற?" என்றாள் ரஞ்சிதம்.

"பிளக்கு பாக்கறேம்மா. சூடு போடறதா, குளிர்ச்சி போடறதான்னு..."

"கைக்கு எது வருதோ அத்த போடு. யாரையும் கேக்காத நைனா."

ஆதிமூலம் டப்பாவை மூடி, நன்றாகக் குலுக்கி, திறந்து, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே கைவிட்டார்.

"நீங்களும் அந்தாண்ட திரும்பிக்குங்க மானேஜர் சார்."

"நான் எதற்கு?"

"பாத்தீங்கன்னா, நாளைக்கு யாராவது கேட்டா சொல்லிடுவீங்க. நானும் பாக்கல. பாத்தா யோசிப்பேன்."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றிருந்தது. பின்னால் ஸ்பானர் திருகுகிற சத்தம் நான்கு இடத்தில் கேட்டது. பானட் மூடுகிற சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினேன்.

வண்டி கிளம்பியது. எப்படி ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெடிக்கவில்லை, இருமவில்லை. வழக்கமாக மேட்டில் காதைச் சாய்த்து யார் மிஸ் அடிக்கிறார் என்று சொல்கிறவர், அன்றைக்கு ஒரு பெயரும் சொல்லவில்லை. திண்டிவனம் எல்லை வந்தபோது வேர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஓடிவந்து, "இங்கல்லாம் சினிமா அனோன்ஸ் பண்ணக் கூடாது" என்று மறித்தான். ஞானம்பாள் பின்சீட்டிலிருந்து அவனுக்குக் கொடுத்த பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது. அவன் கதவை அகலத் திறந்துவிட்டான்.

உள்ளே கொண்டுபோய்க் குழந்தையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாக, அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட சம்பந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பெண் குழந்தை. தாயும் நலம். ஆதிமூலம் குழந்தையைப் பார்த்தார், மகள் தலையைத் தடவினார், வெளியே வந்து வண்டியின் மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை.

மறு வாரம் அவரை நெல் மண்டி வாசலில் பார்த்தேன். ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. அதற்கு முந்தின நாள் அமீர் ஜான் என்னிடம், "பாத்தீங்களா, நம்ம ஹாட் பிளக்குதான் கொண்டுபோய் சேத்துச்சு. ஆதிமூலமே சொன்னான்" என்று மார்தட்டியிருந்தார். சம்பந்தம் லேட்டஸ்ட்டின் பெருமையை லெட்டரில் எழுதியிருந்தார். ஞானம்பாள் நயினார் வீட்டுத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாளாம்.

செட்டியார் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நம்ம குளிர்ச்சிதான ஆதிமூலம்?"

"ஆமாங்க மொதலாளி. நீங்க சொல்றது சரி."

"அன்னிக்கே சொன்னேன் பாரு. இப்ப இன்னா கலர்ல இருக்குது? காட்டு" என்று செட்டியார் பானட்டின் கொக்கியில் கையை வைத்தார்.

ஆதிமூலம் ஒரு கணம் மலங்க மலங்க விழித்தார். என்னைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் எதற்கும் இதுவரை இல்லையென்று சொல்லாத அந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்பரில் ஒரு காலை வைத்து ஏறி, அப்போதுதான் ஓடி வந்து கொதித்துக்கொண்டிருந்த பானட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சூடு உறைத்திருக்கவேண்டும். லேசாக நெளிந்தார், இறங்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு அந்த பிஸ்கட்டை எடுத்தார், இரண்டாக உடைத்தார், ஒரு பாதியைச் செட்டியார் கையில் வைத்தார்.

"இந்தக் கலருதாங்க" என்று சொல்லிவிட்டு, மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.